ஊர் போனது, மதில் நின்றது

பெங்களூரின் தென்கோடியில் அத்திபெலே. அதைத் தாண்டினால் ஓசூர், தமிழ்நாடு. விடுமுறை நாட்களில் இந்த எல்லை வழியே திருவண்ணாமலைக்குப் போகும் பெங்களூர்க்காரர்கள் பலர், கிரிவலம் முடித்ததும் வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். கிருஷ்ணகிரியில் பிரிந்து ஊத்தங்கரை, செங்கம் என்று வரும் அதே சாலையில் இன்னும் சுமார் 40 கி.மீ. போனால் செஞ்சி. சாலையே கோட்டைக்குள் புகுந்துதான் ஊருக்குப் போகிறது.

மலை என்று சொன்னாலும், யாரோ பாறைகளைக் கொட்டிக் குவித்தது போலத்தான் தெரிகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் இணைத்து ஓடுகிறது மதில். பெரிய பாறை எதிர்ப்பட்டால் கட்டியவர்கள் அதை உடைக்கவில்லை, அதையே சுவராக்கிக்கொண்டார்கள். சுமார் 800 அடி உயர ராஜகிரியின் உச்சிக்குச் சற்றுக் கீழே 24 அடி அகலத்தில் ஒரு பிளவு. ஆழம் 60 அடி. மேலே மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் உச்சிக்கு வழியில்லை.

அடிவாரத்தில் கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காக எழும் கல்யாண மகால், கமான் கூரை போட்ட நெற்களஞ்சியம், குளங்கள், சாதத்துல்லா கான் மசூதி, பூஜை நின்றுபோன வெங்கடரமணர் கோயில். புதுச்சேரி கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் இங்கிருந்து போனவைதான்.

கோனார்கள் தொடங்கியதை விஜயநகரத்தின் நாயக்கர்கள் பெரிதாக்கினார்கள். 1649ல் பிஜப்பூர் சுல்தான் வசம் போனது. 1677ல் சிவாஜி கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருக்க, ஔரங்கசீப்பின் படை 1690லிருந்து 1698 வரை முற்றுகையிட்டது. கோட்டை விழுந்தபோது ராஜாராம் தப்பிவிட்டிருந்தார். 1714ல் ஆற்காடு நவாபை எதிர்த்து இளவயதில் மாண்ட தேசிங்கு ராஜன் கதைப்பாடல்களில் வாழ்கிறான். 1750ல் பிரெஞ்சுக்காரர்கள், 1761ல் ஆங்கிலேயர்கள், 1780ல் மைசூரிலிருந்து ஹைதர் அலியின் படை.

அதற்குப் பிறகு செஞ்சிக்காகச் சண்டை போட யாரும் வரவில்லை. உள்ளே இருந்த நகரம் காலியானது. இன்றைய செஞ்சி மதிலுக்கு வெளியே வளர்ந்தது. கோட்டை பிழைத்ததற்கு இந்த வெறுமையும் ஒரு காரணம். ராஜஸ்தானின் ஜெய்சல்மேரைப் பார்த்தால் இது புரியும். அங்கே கோட்டைக்குள் இன்றும் ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். வீடுகளிலிருந்து கசியும் தண்ணீர் மண்ணை இளக்கி மதிலைச் சரியவைக்கிறது. உயிரோடு இருக்கும் கோட்டைக்கு அந்த ஆபத்து. செஞ்சிக்கோ வேறு ஆபத்து: மறதி.

அதற்கு ஒரு மாற்று 2025 ஜூலையில் வந்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற 12 கோட்டைகளில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. பெருமைதான். ஆனால் மராட்டியர் செஞ்சியை ஆண்டது சுமார் 20 ஆண்டுகள். அவர்களுக்கு முந்தைய நாயக்கர் களஞ்சியத்தையும், பிந்தைய நவாபின் மசூதியையும் அந்தப் பெயரில் அடக்க முடியாது. வழிகாட்டிப் பலகைகளும் பாடப் புத்தகங்களும் எல்லோர் கதையையும் சொன்னால்தான் இந்தக் கௌரவத்துக்கு அர்த்தம்.

உள்ளூர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படவில்லை. ராஜகிரி ஏறும் வழியில் இருக்கும் கமலக்கண்ணி அம்மனைக் கும்பிட இன்றும் படியேறுகிறார்கள். யார் கொடி பறந்தபோதும் மலை அவர்களுக்கு அம்மன் மலைதான். அத்திபெலே வழியாக வருபவர்கள் திருவண்ணாமலையில் திரும்பாமல் இன்னும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மலையடிவாரத்தில் இறங்கலாம். ஏறுவதற்கு வெயிலுக்கு முந்தைய காலை நேரம் நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும்.