கோடு இல்லாத எழுத்து



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பழைய பவுண் காசு வைத்திருப்பவர்களாவது கடைசிவரை வாசியுங்கள்.

2022இல் எங்கள் மூத்தம்மா மௌத்தானா. அவ விட்டுப்போன தங்கம் ஒரேயொரு பவுண் காசுதான். ஒருபக்கம் விக்டோரியா ராணியின் தலை, மறுபக்கம் கேடயம். எந்தக் காலத்திலோ கழுத்தில் போடக் கொக்கி ஒட்டி, பிறகு கழற்றிய தழும்பு விளிம்பில் இருக்கிறது. பங்கு பிரிக்கும்போது பத்தர் நிறுத்துச் சொன்னார். பவுண் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டி நின்ற நேரம். மாமாவுக்குப் பாதி, உம்மாவுக்கும் சாச்சிக்கும் கால் பங்கு. தன் தாயின் ஞாபகம் என்று காசை உம்மா எடுத்துக்கொண்டு, மற்ற இருவருக்கும் பணமாகக் கொடுத்தா. கணக்கு முடிந்தது.

முடிந்தது என்றுதான் நினைத்திருந்தோம். போன பாடசாலை விடுமுறையில் மகள் விஞ்ஞானப் பாடத்துக்கு வாங்கிய கைவில்லையால் வீட்டில் கண்டதையெல்லாம் பார்த்துக்கொண்டு திரிந்தாள். எறும்பு, உப்பு, கடைசியில் மூத்தம்மாவின் காசு. "இந்த ஏ-க்கு ஏன் நடுக்கோடு இல்ல?" என்று கேட்டாள். விக்டோரியா என்ற பெயரின் கடைசி எழுத்து, கூடாரம் அடித்தமாதிரி இரண்டு கால் மட்டும். தேய்ந்திருக்கும் என்றோம். அவள் விடவில்லை. நாங்களும் பார்த்தோம். தேய்ந்தால் கால்களும் சேர்ந்துதான் தேய வேண்டும். இதில் கால்கள் இரண்டும் எடுப்பாக நிற்க, நடுவில் மட்டும் வழுவழுப்பு. அதே பக்கத்தில் இருக்கும் மற்ற ஏ-க்கள் எல்லாவற்றிலும் கோடு உண்டு.

அதன்பிறகு இரண்டு கிழமை எங்களுக்கு வேறு வேலை ஓடவில்லை. தேடி வாசித்ததில் விளங்கியது இதுதான். அந்தக் காலத்தில் காசு அடிக்கும் அச்சில் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிப் பதித்தார்கள். ஏ எழுத்தின் ஆணி உடைந்திருந்தால் நடுக்கோடு விழாது. சிலவேளை வீ-யைத் தலைகீழாகப் பதித்துவிட்டுப் போனதும் உண்டு. விக்டோரியா காலத்துப் பவுண் காசுகளில் இப்படியானவற்றைத் தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

தங்கத்தில் பிழைக் காசு குறைவு. செம்புக் காசில் கவனம் பிசகலாம், தங்கத்தில் விடமாட்டார்கள். ஒவ்வொன்றையும் நிறுத்து, 7.98 கிராமுக்குச் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் திரும்ப உருக்கப் போட்டார்கள். (நாங்கள் பவுண் என்று சொல்லும் 8 கிராம் கணக்கே இந்தக் காசிலிருந்து வந்ததுதான்.) ஆனால் தராசு எடையைத்தான் பிடிக்கும், எழுத்தைப் பிடிக்காது. 1999இலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 5, 10 டொலர் தங்கக் காசுகள் சிலவற்றை, விசேட காசுக்கென்று வைத்திருந்த, மெருகு போடாத அச்சில் அடித்துவிட்டார்கள். அடையாள எழுத்தோடு வெளியே வந்த அந்தக் காசுகளுக்கு இன்று தனி விலை.

எங்களை அதிகம் பிடித்து நிறுத்தியது இன்னொரு காசு. இங்கிலாந்தின் மேர்சியா நாட்டை 796 வரை ஆண்ட ஒஃபா என்ற மன்னர், அப்பாஸிய கலீபா மன்சூரின் ஹிஜ்ரி 157ஆம் ஆண்டு தீனாரைப் பார்த்து ஒரு தங்கக் காசு அடிப்பித்தார். அச்சு வெட்டியவருக்கு அரபு தெரியாது, எழுத்துகளில் பிழை. 'முஹம்மதுர் ரஸூலுல்லாஹ்' என்ற வரிகளுக்கு நடுவில் 'ஒஃபா மன்னர்' என்று லத்தீனில், அரபுக்குத் தலைகீழாக! இப்போது அது பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. ஆசிரியர் சம்பளத்தில் தங்கப் பிழை சேர்க்க ஏலாது, படம் பார்ப்பதோடு சரி.

சரி, எங்கள் காசுக்கு வருவோம். பத்தரிடம் காட்டினோம். தராசில் வைத்துவிட்டு, "உருக்கினா எல்லா எழுத்தும் ஒண்டுதான் சேர்" என்றார். கொழும்பில் காசு சேர்க்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினோம். அச்சுப் பிழைதான், கொக்கித் தழும்பு மட்டும் இல்லாவிட்டால் இன்னும் கூடப் போகும், தங்க விலைக்கு மேல் நாற்பதாயிரம் தரலாம் என்றார்.

அன்றிரவு எங்கள் வீட்டில் சந்தோசம் இருக்கவில்லை. பங்கு பிரித்தபோது யாருக்கும் இது தெரியாது, எல்லாரும் பொருந்தித்தான் எடுத்தார்கள். சொல்லாமல் விட்டால் கேட்க ஆளில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் நியாயம் சொல்லிப் பார்த்தோம். மௌலவியிடம் கேட்போமா என்று யோசித்திருக்க, உம்மா முந்திவிட்டா. "காசு என்ட கையில இரிக்கி. அது அவங்களுக்குத் தெரியாத விலையோட இரிக்கி. எனக்கு நித்திர வராது."

விற்க மனமில்லை. சீட்டுப் பணம் எடுத்து மாமாவுக்கு இருபதாயிரமும் சாச்சிக்குப் பத்தாயிரமும் கொண்டுபோனோம். மாமா "என்னத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்டார், ஆனால் எண்ணிப் பார்த்துத்தான் எடுத்தார். உண்மையைச் சொன்னால், அவர் எண்ணியதுதான் எங்களுக்கு ஆறுதல். வேண்டாமென்று தள்ளியிருந்தால் திரும்ப அதே யோசனைதான்.

உங்கள் வீட்டிலும் இருந்தால், பத்தரிடம் கொடுக்க முதல் எழுத்துகளை ஒருதரம் பாருங்கள். புளி போட்டு விளக்கவேண்டாம், மெருகு போடவும் கொடுக்கவேண்டாம், சேர்ப்பவர்கள் பார்ப்பது அந்தப் பழைய மேற்பரப்பைத்தான்.

சாச்சி பணத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு மகளின் கைவில்லையைக் கேட்டு வாங்கினா. இன்னும் திருப்பித் தரவில்லை. தன் கலியாணக் காசு மாலையில் ஒவ்வொரு காசாகப் பார்க்கிறாவாம்.