சரக்கைப் பார்த்தே விலை: அருமனை நாட்குறிப்பு

2025 ஜூன் 2, திங்கள்

தொலைப்பணி என்பது, வேலை கொடுப்பவரும் செய்பவரும் ஓரிடத்தில் கூடாமல், ஒப்படைத்த பணியை இணையத்தின் வழியே முடித்து அனுப்பி, அதற்குரிய ஊதியத்தை வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டைக் குறிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்துக்கு வடக்கே ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த அருமனையில் இதன் தேவை வெளிப்படையானது. மார்த்தாண்டத்துக்கோ நாகர்கோவிலுக்கோ பஸ் ஏறிப் படித்துவிட்டு மாலையில் திரும்பும் மாணவருக்குப் பகுதி நேர வேலைக்கென்று இன்னொரு பயணம் போக நேரம் இல்லை. பக்கத்திலேயே அத்தகைய வேலை தரும் அலுவலகங்களும் மிகக் குறைவு. மழை வலுத்தால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும் என்பதால், மரத்தில் மழைக்காப்பு பிளாஸ்டிக் ஒட்டாத தோட்டத்தை நம்பிய வீட்டில், கல்லூரி திறக்கும் ஜூன் மாதமே கை இறுகும் மாதமாகவும் அமைகிறது. அந்த வேளையில் கைப்பேசிக்கு வரும் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ என்ற அழைப்பை மாணவர் நம்புவதற்குப் பேராசையே காரணம் என்று சொல்வது அநியாயம். பெரும்பாலும் அதற்குக் காரணம் செமஸ்டர் கட்டணம்.

ஜூன் 4, புதன்

இவ்வட்டாரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடையில் நடப்பதை இங்கே எண்ணிப் பார்ப்பது பயன் தரும். உறையவைத்த பாலை ரோலரில் அழுத்திப் புகையில் உலர்த்திய ரப்பர் ஷீட்டை, கடைக்காரர் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, குமிழியும் அழுக்கும் பூஞ்சையும் காயாத வெள்ளைத் திட்டும் உண்டா என்று பார்த்து, ஆர்எஸ்எஸ் எனப்படும் தரவரிசையில் அதன் இடத்தை முடிவு செய்த பிறகே தராசில் வைக்கிறார். வரிவரியாக அழுத்திப் புகையூட்டிய ஷீட்டைக் குறிக்கும் சுருக்கமே ஆர்எஸ்எஸ். அதில் நான்காம் தரத்தின் விலையே அன்றாடம் பெரிதும் பேசப்படுவது. ஷீட் கொண்டுவந்தவரிடம் பதிவுக் கட்டணம் கேட்கும் கடைக்காரரும் இல்லை, ஷீட்டைப் பார்க்காமலே விலை சொல்லும் கடைக்காரரும் இல்லை. தொலைப்பணியை எடைபோடவும் இவ்விரண்டே போதும்: உண்மையில் வேலை தருபவர் செய்பவரின் திறனைச் சோதிப்பார், பணம் அவரிடமிருந்து இவரிடம் வருமே தவிர, இவரிடமிருந்து அவரிடம் போகாது.

ஜூன் 5, வியாழன்

இந்தச் சோதனையில் முதலில் தோற்பது ‘டாஸ்க்’ வேலை எனப்படுவது. காணொளிக்கு விருப்பம் இடுதல், உணவகத்துக்கு வரைபடத்தில் நட்சத்திரம் தருதல் போன்ற, திறனே தேவைப்படாத செயலுக்கு முதல் நாள் 100, 150 ரூபாய் உண்மையாகவே வந்து சேரும். பிறகு டெலிகிராம் குழுவில் சேர்த்து, அதிகக் கமிஷன் கிடைக்கும் டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்வார்கள். கட்டிய தொகை திரையில் பெருகிக்கொண்டே போகும், ஆனால் எடுக்கப் போனால் வரி என்றும் அபராதம் என்றும் மேலும் கேட்கப்படும். இத்தகைய முதலீட்டு, பகுதி நேர வேலை மோசடிகளில் ஈடுபட்ட 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள், மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இணையக் குற்ற ஒருங்கிணைப்பு மையத்தின் பரிந்துரையின் பேரில் 2023 டிசம்பரில் முடக்கப்பட்டன. ஓய்வு பெற்றோர், பெண்கள், வேலையற்ற இளைஞர் ஆகியோரே இவற்றின் குறி என்று அப்போது அரசு அறிவித்தது. முதலில் வரும் அந்த 150 ரூபாய் ஊதியமன்று, தூண்டிலில் மாட்டிய புழு. யுபிஐ வழியே பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவையே இல்லை. எண்ணைக் கேட்கும் திரை பணத்தை எடுக்கும் திரை என்பதைக் கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

தட்டச்சு ஒப்பந்த மோசடி வேறு வகை. சில நூறு பக்கங்களைக் குறுகிய கெடுவுக்குள் தட்டச்சிடச் சொல்லி, முடித்து அனுப்பியதும் பிழை மிகுதி என்று தள்ளி, ஒப்பந்தத்தை மீறியதாக வக்கீல் நோட்டீஸ் போன்ற ஒன்றை அனுப்பி மிரட்டிப் பணம் பறிப்பது அதன் வழக்கம். அதனினும் கொடியது வாடகைக் கணக்கு, அதாவது பிறருடைய பணம் வந்து போவதற்குத் தன் வங்கிக் கணக்கையும் ஏடிஎம் கார்டையும் கமிஷனுக்குக் கொடுத்துவைப்பது. இதில் மாணவர் பணத்தை இழப்பதோடு நில்லாமல், மோசடிப் பணம் தம் கணக்கின் வழியே சென்றதால் வழக்கிலும் சிக்குகிறார். ஏமாந்தவர் வெட்கப்பட்டு ஒளித்துவைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மோசடிக்காரருக்கு ஆதாயமாகும். இணையப் பண மோசடியைப் புகார் செய்வதற்கான 1930 என்ற எண்ணை உடனே அழைத்தால், பணம் கைமாறி மறைவதற்குள் அதை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. வீட்டில் திட்டு விழும் என்ற அச்சம் ஒரு பிள்ளையை இந்த அழைப்பிலிருந்து தடுக்குமானால், அந்த வீடே முதலில் தன் குரலைத் தணித்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

நிறுவனம் உண்மையானதா என்று அறியும் முறை எளியது. இந்தியாவில் பதிவான ஒவ்வொரு கம்பெனிக்கும் சிஐஎன் எனப்படும் 21 எழுத்து, எண் கொண்ட அடையாளம் உண்டு. முதல் எழுத்து யு எனில் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனி, எல் எனில் பட்டியலிடப்பட்டது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழிலின் வகையையும், அதன்பின் வரும் இரண்டு எழுத்துகள் மாநிலத்தையும், நான்கு இலக்கங்கள் பதிவான ஆண்டையும் காட்டும். மூன்று எழுத்துகள் தனியார் வரையறைக் கம்பெனியா பொதுக் கம்பெனியா என்பதைச் சொல்ல, இறுதி ஆறு இலக்கங்கள் பதிவெண்ணாகும். பதினைந்து ஆண்டுப் பாரம்பரியம் பேசும் கம்பெனியின் எண்ணில் சென்ற ஆண்டு பதிந்திருக்குமானால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் இதைக் கட்டணமின்றித் தேடலாம். எனினும் பெரிய கம்பெனியின் பெயரையும் எண்ணையும் திருடி வருவோரும் உள்ளனர் என்பதால், வந்த மின்னஞ்சலுக்கே பதில் எழுதாமல், கம்பெனியின் சொந்தத் தளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேட்பதே முறை.

ஜூன் 14, சனி

வீட்டில் வேலை, தொலைவில் வாங்குவோர் என்ற ஏற்பாடு இம்மாவட்டத்துக்குப் புதிதன்று. 1819 இறுதியில் நாகர்கோவில் வந்த சார்லஸ் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா மால்ட், தம் பள்ளிப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். அந்தப் பின்னல் கடல் கடந்து விலைபோய், கிடைத்த கூலி அந்தப் பெண்களின் கைக்கே வந்தது. அவர்கள் முதலில் கற்றுக்கொண்டது ஒரு கைத்தொழிலையே என்பது இங்கே நினைக்கத்தக்கது.

ஜூன் 17, செவ்வாய்

நேர்மையான வாய்ப்புகளைத் தேடுவோருக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நடத்தும் இன்டர்ன்ஷிப் தளமும், 2010-இல் தொடங்கிய இன்டர்ன்ஷாலா போன்ற தனியார் தளங்களும் உள்ளன. இன்டர்ன்ஷிப் என்பது படிக்கும்போதே குறிப்பிட்ட காலத்துக்குப் பயிற்சியாகச் செய்யும் பணி. 2024-இல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் தந்தாலும், அது அப்போது 21 முதல் 24 வயது வரையுள்ள, முழுநேரப் படிப்பில் இல்லாதவருக்கே உரியதாக இருந்தது. கல்லூரி மாணவர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழ் அறிந்தவருக்குள்ள வேலைகளைக் குறைத்து மதிப்பிடுவது வருந்தத்தக்கது: ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குதல், வசன வரி அமைத்தல், மொழிபெயர்ப்பு, பேச்சறி மென்பொருளுக்கு வேண்டிய குரல்பதிவு ஆகியவற்றுக்கு ஆள் வேண்டியிருக்கிறது, மலையாளமும் காதில் விழுந்தே வளரும் எல்லைப்புறப் பிள்ளைக்கு இவற்றில் கூடுதல் தகுதியும் உண்டு. ஊதியத்தில் கம்பெனி 10 சதவீத வரி பிடித்தால் அஞ்ச வேண்டியதில்லை. பிடித்த தொகை வருமான வரித் துறையின் தளத்தில் தெரியும், ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால் ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

ஜூன் 21, சனி

முன்னனுபவம் இல்லாதவர் காட்டுவதற்குச் சரக்கு எங்கே என்ற கேள்வி எஞ்சுகிறது. தமிழ் விக்கிமூலம் இதற்கு ஏற்ற களம். பழைய நூல்களின் படப்பக்கங்களை எழுத்தாக்கி மெய்ப்புப் பார்க்கும் இத்தளத்தில் ஊதியம் இல்லை, ஆனால் செய்த ஒவ்வொரு திருத்தமும் செய்தவரின் பயனர் பெயரில் தேதியோடு நிலைத்து நிற்கிறது, வேலை தருபவர் எவரும் அதைத் திறந்து பார்க்கலாம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பாகவும், பார்த்து முடித்தது மஞ்சளாகவும் காட்டப்படும். பார்த்தவரே அதைப் பச்சையாக்க இயலாது, வேறொருவர் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுச் சரியென்று கண்ட பிறகே அப்பக்கம் பச்சையாகும். மழை விடாத இந்தச் சனிக்கிழமையில், பால்வெட்டு இல்லாத வீட்டில் உட்கார்ந்து பத்துப் பக்கங்களை மஞ்சளாக்க ஒரு மாணவருக்கு மூன்று, நான்கு மணி நேரம் போதும்.