பதினெட்டில் இல்லாத பெயர்கள்

2025 நவம்பரில் ஜூனியர் உலகக் கோப்பைக்கான இந்திய ஹாக்கி அணிப் பட்டியலைப் பார்த்தபோது நான் இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். பதினெட்டுப் பெயர்கள். போன் வெளிச்சத்தில் மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தேன். ரோஹித், பிரின்ஸ்தீப், அன்மோல் எக்கா, ஷர்தானந்த் திவாரி, மன்மீத்... போட்டி நடக்கப்போவது சென்னையிலும் மதுரையிலும். போட்டியின் சின்னம் ஒரு காளை, அதன் பெயர் காங்கேயன். காளை நம்ம ஊர்க் காளைதான். பதினெட்டில் ஒரு தமிழ்நாட்டுப் பையன்கூட இல்லை.

பக்கத்து சீட்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி, ஊர்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "இல்லண்ணே, ஹாக்கி" என்றேன். அவர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. நீள நோட்டு, கணக்கு எழுதுகிற மாதிரி. 2018இல் தொடங்கினேன். தமிழ்நாட்டு சப்-ஜூனியர், ஜூனியர் அணிகளில் வரும் பையன்களின் பெயர், ஊர், ஆடும் இடம், எந்தப் போட்டி, எத்தனை கோல். ஒரு பையன் அடுத்த நிலை அணிக்குப் போனால் பெயருக்கு எதிரே ஒரு டிக். இரண்டு வருஷம் எந்த அணியிலும் பெயர் வரவில்லை என்றால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இது எனக்கு வேலை இல்லை. யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. கிரிக்கெட் பார்ப்பவனுக்கு பதினாறு வயசுப் பையனின் பேட்டிங் வீடியோகூடக் கிடைத்துவிடும். ஜூனியர் ஹாக்கியில் பெரும்பாலும் கிடைப்பது ஸ்கோர் ஷீட் மட்டும்தான். வெளிமாநிலத்தில் ஏதோ ஒரு ஊரில் காலை ஏழு மணிக்கு நடந்த மேட்ச்சின் ஷீட் மத்தியானம் வரும். டீ பிரேக்கில் திறந்து பார்ப்பேன்.

அந்த ஷீட்டில் என்ன இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். யார் ஆடினார்கள், யார் எந்த நிமிஷத்தில் கோல் போட்டார்கள், அது பீல்டு கோலா பெனால்டி கார்னரா, யாருக்குப் பச்சை அட்டை, யாருக்கு மஞ்சள். அவ்வளவுதான். ஹாக்கியில் ஆட்களை மேட்ச் நடக்கும்போதே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். பதினைந்து நிமிஷம் வீதம் நாலு குவார்ட்டர். ஒரு பையன் ஐம்பது நிமிஷம் ஓடினானா, ஏழு நிமிஷம் நின்றுவிட்டு பெஞ்சுக்குப் போனானா என்பது அதில் தெரியாது. பின்னால் நின்று எதிரணியின் லெஃப்ட் விங்கை மேட்ச் முழுக்கக் கட்டிப்போட்டவன் பெயருக்கு எதிரே வெறும் வெள்ளை.

நோட்டைத் தொடங்கியதற்குக் காரணம் என் அக்கா பையன். எங்கள் மறைமலைநகரில் எல்லாருக்கும் தெரிந்தது ஜி.எஸ்.டி. ரோடு, கார் பாகம் செய்கிற கம்பெனிகள், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் கிரிக்கெட். அவனுடைய பள்ளியில் ஒரு பி.டி. சார் பழைய ஹாக்கி ஆட்டக்காரர். கப்பி பரவின மண் மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு ஸ்டிக்கை வைத்துப் பையன்களை ஓடவிட்டார். இவன் ஸ்டிக்கைப் பிடித்த விதத்தைப் பார்த்து அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். பதிமூன்று வயசில் தெற்கே ஒரு விளையாட்டு விடுதிக்குப் போனான். எந்த ஊர், எந்த விடுதி என்பது வேண்டாம்.

போன முதல் வருஷம் அவனுக்குக் கஷ்டமே மைதானம்தான். 1976 மான்ட்ரியலிலிருந்து ஒலிம்பிக் ஹாக்கி எல்லாம் செயற்கைத் தரையில்தான். மண்ணில் பந்து துள்ளும், அதை அடக்குவது ஒரு கலை. தண்ணீர் தெளித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், அங்கே கலை வேறு: குனிந்தே ஓட வேண்டும், ஸ்டிக்கைத் தரையோடு வைத்திருக்க வேண்டும். மண்ணில் பழகிய கையை மாற்றுவதற்கு ஒரு வருஷம் போய்விடும். சின்ன வயசிலேயே டர்ஃபில் இறங்கிய பையனுக்கு அந்த ஒரு வருஷம் மிச்சம். பதினாறு வயசுக்குள் முடிவெடுக்கிற செலக்‌ஷனில் ஒரு வருஷம் என்பது சின்ன விஷயம் இல்லை.

கோவில்பட்டிக்கு ஒருமுறை லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி பார்க்கவே போனேன். தீப்பெட்டி, கடலைமிட்டாய், ஹாக்கி, இந்த வரிசையில்தான் அந்த ஊரை எல்லாரும் சொல்வார்கள். கேலரியில் எனக்குப் பின்னால் மூன்று பெரியவர்கள். அணி பெயரைச் சொல்லாமல் பையன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார்கள். "அவன் அப்பனும் இப்படித்தாம்ல, பந்த வச்சிக்கிட்டே நிப்பான்." ஒரு பையனின் டிரிப்ளிங்கில் அப்பாவின் குறையைக் கண்டுபிடிக்கிற ஊர். கிருஷ்ணா நகர் டர்ஃபும் அரசு விளையாட்டு விடுதியும் அங்கே முக்கியம், மறுக்கவில்லை. ஆனால் டர்ஃபைக் காசு கொடுத்துப் போட்டுவிடலாம். அந்த மூன்று பெரியவர்களை எங்கள் ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது? என்னைப் போல நோட்டு வைத்துக்கொண்டு திரிகிற ஒரு ஆள் அவர்களுக்கு ஈடாக மாட்டான்.

அந்தக் கோவில்பட்டி வளர்த்துவிட்டவர்கள்தான் அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரனும் அரியலூர் கார்த்தியும். 2022 ஏப்ரலில் போபாலில் நடந்த தேசிய சீனியர் போட்டியில் தமிழ்நாடு இறுதிவரை போனது. ஹரியானாவோடு 1-1, ஷூட்-அவுட்டில் தோற்றது. அடுத்த மாதமே ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியா இளம் அணியை அனுப்பியது, அதில் இவர்கள் இரண்டு பேரும். மே 23, பாகிஸ்தானோடு முதல் மேட்ச். முதல் குவார்ட்டரிலேயே பெனால்டி கார்னரில் கார்த்தி செல்வம் கோல். இந்தியாவுக்காக ஆடும் முதல் ஆட்டம், அதுவும் பாகிஸ்தானுக்கு எதிராக. அந்த ராத்திரி நோட்டை எடுத்து கார்த்திக்கு எதிரே ஒரு டிக் போட்டேன். பேனா பேப்பரைக் கிழித்துவிட்டது, அவ்வளவு அழுத்தம்.

பக்கத்து அறையில் என் அக்கா பையன் படுத்திருந்தான். அதே மே மாசம்தான் அவனை விடுதியிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவன் ரைட் ஹாஃப். விடுதியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன் கொடுப்பார்கள். அக்கா பேசுவாள், சாப்பிட்டியாடா, துணி துவைச்சியாடா. அப்புறம் போன் என் கைக்கு வரும். நான் கேட்கிற முதல் கேள்வி, "மாப்ள, எத்தனை கோல்?" நாலு வருஷம். லாக்டவுனில் வீட்டிலிருந்த மாதங்களைக் கழித்தாலும் நூறு ஞாயிறுக்குக் குறையாது. தடுக்கிற இடத்தில் நிற்பவனிடம் நூறு தடவை கோல் கேட்டிருக்கிறேன். அவன் முதலில் சிரிப்பான். "நான் ஹாஃப் மாமா." பிறகு, "ஒரு அசிஸ்ட் மாமா." கடைசி வருஷத்தில் ஒரு ஞாயிறு, "ஃபிளிக் பழகுறேன் மாமா" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம்.

டிராக் ஃபிளிக் என்பது பெனால்டி கார்னரில் பந்தை ஸ்டிக்கால் இழுத்து வீசுவது. அடி இல்லை, வீச்சு. முழு உடம்பும் முறுக்கி விடுபட வேண்டும், பாரம் எல்லாம் இடுப்பில், முதுகின் அடியில். வளர்கிற வயசில் அளவு வைத்துத்தான் பழக்குவார்கள், ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று. இவன் பயிற்சி முடிந்த பிறகு தனியாக நின்று போட்டிருக்கிறான். முதுகு பிடித்துக்கொண்டது. அரை சீசன் உட்கார்ந்தான். வருஷக் கடைசி ரிவ்யூவில் பட்டியலில் அவன் இல்லை.

என்னால்தான் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வருஷம் எங்கள் ஊரில் ஃபோர்டு ஆலையில் உற்பத்தி நின்ற வருஷம். டீக்கடை முழுக்க வேலைப் பேச்சுதான். பதினேழு வயசில் பாதியில் திரும்பி வந்தவனைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை, அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று. ஐ.டி.ஐ. சேர்ந்தான். நான் நோட்டில் அவன் பெயரில் மட்டும் ரொம்ப நாள் கோடு போடவில்லை. 2024இல் போட்டேன். விதி விதிதானே.

நம் ஊரில் ஹாக்கி ஆடுவதற்குப் பின்னால் எப்போதும் ஒரு வேலை இருந்திருக்கிறது. ரயில்வே, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி, ஐ.ஓ.பி. என்று சென்னை லீக் அணிகளின் பெயர்களைப் படித்தால் வேலைவாய்ப்புப் பக்கம் மாதிரி இருக்கும். 1975 உலகக் கோப்பை அணியில் ஆடிய பிலிப்ஸ், 1980 மாஸ்கோவில் தங்கம் வென்ற அணியின் கேப்டன் பாஸ்கரன் எல்லாம் இந்தச் சென்னை ஹாக்கிச் சூழலோடு சேர்ந்தவர்கள். பையனை ஸ்டிக்கோடு அனுப்பும் அம்மாவுக்கு ஒலிம்பிக் தெரியாமல் இருக்கலாம், ஸ்போர்ட்ஸ் கோட்டா தெரியும். இப்போது கூடவே ஹாக்கி இந்தியா லீக் வந்திருக்கிறது. 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத்துக்கு 78 லட்சம். நம் தமிழ்நாடு டிராகன்ஸ் டச்சுக்காரர் யிப் யான்சனை 54 லட்சத்துக்கு எடுத்தது. அந்த ஏலத்தில் ஒரு அணியில் 24 பேர் என்றால் எட்டு பேர் வெளிநாட்டவர், குறைந்தது பதினாறு இந்தியர், அதில் நாலு பேர் ஜூனியராக இருந்தே ஆக வேண்டியிருந்தது. அந்த நாலு இடம் நல்ல விதி என்றுதான் நினைக்கிறேன். டிராகன்ஸின் நாலும் தமிழ்நாட்டுப் பையன்களாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இருக்கவும் தேவையில்லை. ஆனால் ஆசை இருக்கிறதே.

டிசம்பர் 10, புதன்கிழமை, எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் மூன்றாம் இடத்துக்கான மேட்ச். இந்தியா – அர்ஜென்டினா. டிக்கெட் இலவசம். ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். அவனையும் கூப்பிட்டேன். வருவான் என்று நினைக்கவில்லை. விடுதியிலிருந்து வந்த பிறகு மைதானத்துப் பக்கமே அவனை நான் பார்த்ததில்லை. "சரி மாமா, போலாம்" என்றான்.

காலிறுதியில் பெல்ஜியத்தை ஷூட்-அவுட்டில் வென்று, அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 என்று அடிவாங்கி வந்த அணி. மூன்று குவார்ட்டர் முடிந்தபோது 0-2. எனக்குப் பக்கத்தில் ஒருவர், நம்ம பசங்க இருந்தா இப்படி ஆகுமா என்று ஆரம்பித்தார். நானும் சேர்ந்து ஏதோ சொன்னேன். அவன் எங்களைக் கவனிக்கவே இல்லை. பந்து இருந்த பக்கத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. பந்து இல்லாத பக்கம், நம் ஹாஃப் லைன் எவ்வளவு மேலே ஏறி நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறிட்டாங்க மாமா, இப்ப வரும்" என்றான்.

வந்தது. 49ஆவது நிமிஷம் அங்கித் பால். 52, மன்மீத். 57, ஷர்தானந்த். 58, அன்மோல் எக்கா. கடைசி பதினொரு நிமிஷத்தில் நாலு கோல், 4-2, வெண்கலம். நான் எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன், எந்த மாநிலம் என்பதெல்லாம் மறந்துபோயிற்று. பயிற்சியாளர் ஸ்ரீஜேஷைப் பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவன் உட்கார்ந்தபடியே கைதட்டினான், நிறைய நேரம்.

இறுதிப் போட்டியையும் பார்த்துவிட்டு செங்கல்பட்டு வண்டியைப் பிடித்தோம். தாம்பரத்தில் கூட்டம் குறைந்து உட்கார இடம் கிடைத்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து ஸ்கோர் எழுதினேன். "குடுங்க மாமா" என்று வாங்கினான். இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை.

பக்கம் பக்கமாகப் புரட்டினான். அவன் பெயர் இருந்த பக்கத்தில் நின்றான். என் வயிற்றில் ஏதோ செய்தது.

"கோடு கோணலா இருக்கு" என்றான்.

"மாப்ள, நான் வந்து... அந்தக் கோல் விஷயம், ஞாயித்துக்கெழம..."

"நீங்க மட்டுமா கேட்டீங்க? ஊரே கேட்டுச்சு. ஃபிளிக் எனக்கே புடிச்சிருந்துச்சு மாமா." கொஞ்சம் விட்டு, "புடிக்கவும் செஞ்சுச்சு, நீங்க கேட்டதும் இருந்துச்சு" என்றான். அதற்கு மேல் அந்தப் பேச்சு போகவில்லை.

கோடு போட்ட பெயர்களை விரலால் எண்ணிக்கொண்டே வந்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தான். இவன் ரயில்வேல இருக்கான், வேற ஜோனுக்கு ஆடுறான், அதான் உங்க லிஸ்ட்ல வரல. இவன் போலீஸ் எக்ஸாம் பாஸ் பண்ணிட்டான். இவன் திருப்பூர்ல பனியன் கம்பெனி, நைட்ல டியூட்டி. இவன் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன், அம்மாகிட்ட ஃப்ரண்ட் வீடுன்னு சொல்லிட்டு. இவன் ஒரு ஸ்கூல்ல சின்னப் பசங்களுக்குக் கோச், சம்பளம்தான் சரியா வரல. இவன் பேசறதில்ல, எங்க இருக்கான்னு ரெண்டு பேர்கிட்ட கேட்டு வச்சிருக்கேன்.

"உனக்கு எப்படிடா எல்லாம் தெரியும்?"

"குரூப் இருக்கு மாமா." போனைத் திருப்பிக் காட்டினான். குரூப்பின் படம் நனைந்த டர்ஃபில் ஒரு ஸ்டிக்.

கூடுவாஞ்சேரி தாண்டியிருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். "மெதுவா சொல்லு. முதல் ஆளு, எந்த ஜோன்?"