சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

தன்னம்பிக்கையைப் பற்றி எந்தப் பிரசங்கத்தைக் கேட்டாலும், இங்கே மலேசியாவில் தாசேக் கெலுகோர்ப் பக்கத்தில் பால்மரம் வெட்டி வாழ்ந்த என் பாட்டனார் சொல்லிக் கேட்ட 1941-ஆம் ஆண்டின் கிள்ளான் தோட்ட வேலைநிறுத்தமே என் சிந்தையில் முதலில் எழுகிறது.

தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முதலானோரின் தூண்டுதலால் திரண்ட அத்தோட்டங்களின் இந்தியத் தொழிலாளர்கள், சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலியும், பிள்ளைகளுக்குக் கல்வியும், கள்ளுக்கடைகளை மூடுதலும் வேண்டியதோடு, வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கோரினார்கள். கூலி உயர்வின் அவசியம் எவருக்கும் எளிதில் விளங்கும். ஆனால் அரைவயிற்றுக் கஞ்சியோடு விடியற்பனியில் ரப்பர்ப் பால் மங்கு துடைத்த மனிதர்கள், பெடலிலிருந்து தம் கால் இறங்கவேண்டுமா என்பதைத் தாமே தீர்மானிக்கும் சுதந்திரத்தையும் அதற்குச் சமமாக வைத்தார்களே, அதை நினைக்குந்தோறும் நெஞ்சம் விம்முகிறது. 1929-இல் பெரியார் மலாயாவுக்கு வந்து விதைத்த சுயமரியாதைச் சிந்தனைக்கும் இதில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

நாதன் கைதானார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

நேர்முகத் தேர்வுக்குப் புறப்படுமுன், ஆங்கிலம் சரளமாக வராதே என்று குன்றிப்போகும் நம் பிள்ளைகளிடம், அவர்களும் தலைநிமிர்ந்து நிற்கட்டும் என்று, இந்தச் சரித்திரத்தைத் தவறாமல் சொல்லி வருகிறேன். இதைக் கேட்டிராதவர்களே அவர்களில் அதிகம் என்பது என் தீராத மனக்குறை.