வழியில் நின்ற அம்பாசிடர்



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவர் பேரவைச் செயலாளர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது, "நீ ஆட்டோமொபைல் மூன்றாம் ஆண்டுதானே, காரைப் பற்றி எழுதேன்" என்றார். சரி என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் பேப்பரை எடுத்து உட்கார்ந்தால் கண் முன்னால் கார் வரவில்லை. என் அப்பாவின் வலது கைதான் வந்தது. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் இளையரசனேந்தல். சங்கரன்கோவில் பக்கம், கோவில்பட்டிக்கு மேற்கே உள்ள கரிசல் காட்டு ஊர். மழை பெய்தால் மண் செருப்போடு சேர்ந்து வீட்டுக்கு வரும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். தாத்தா கைநாட்டு. அப்பா மூன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான்.

அப்பா கார் டிரைவர். சொந்தமாக ஒரு பழைய வெள்ளை அம்பாசிடர் வைத்திருக்கிறார். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி, கொல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி தயாரித்து வந்த கார் அது. 2014-இல் உற்பத்தியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டு வண்டி மட்டும் இன்னும் நிற்கவில்லை. நிற்கவில்லை என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது; அவ்வப்போது நடுவழியில் நிற்கும்!

இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த மே மாத விடுமுறை அது. ஒரு வாரமாகவே காலையில் வண்டியைக் கிளப்பும்போது 'கீச்... கீச்' என்று ஒரு சத்தம். "பேன் பெல்ட் கத்துதுடே. கொஞ்சம் இறங்கிப் பாரு. நீதான் இதுக்குப் படிக்கியே" என்றார் அப்பா. நான் செல்போனில் இருந்து தலையை எடுக்காமலே "சரிப்பா, பாக்கேன்" என்றேன். பார்க்கவில்லை.

அடுத்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலியில் இருந்து கூட்டிக்கொண்டு வந்தோம். நானும் துணைக்குப் போயிருந்தேன். பகல் இரண்டு மணி. கயத்தாறு தாண்டிக் கொஞ்ச தூரம். காற்றாலைகள் கூடச் சுற்றாமல் நின்ற வெயில். திடீரென்று டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. "பேட்டரி போச்சு போல" என்றேன் நான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்து, ரோட்டை விட்டு இறக்கி, ஒரு வேப்பமரத்தடியில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டார். "பேட்டரி இல்லடே. பெல்ட் அறுந்துட்டு" என்றார்.

பானட்டைத் திறந்தால் ஒரே ஆவி. கூலிங் சிஸ்டம் கேள்விக்குப் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவன் நான். தண்ணீர் குறைந்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதானே? துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைப் பிடித்துத் திருகினேன்.

"தொடாதல!"

அப்பாவின் குரலும் அவர் கையும் ஒன்றாகத்தான் வந்தன. என்னைத் தள்ளிவிட்டார். கொதிக்கிற தண்ணீர் பீறிட்டது, மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை அவர் கையில். அப்பா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. என்.எஸ்.எஸ். முகாமில் முதலுதவி வகுப்பில் சொன்னது ஒன்றுதான் ஞாபகம் வந்தது: சுட்ட இடத்தில் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிஷம் விடாமல் ஊற்ற வேண்டும், வேறு எதையும் பூசக்கூடாது. டிக்கியில் ரேடியேட்டருக்கென்று வைத்திருந்த கேன் தண்ணீர் முழுவதையும் அப்பா கையில் ஊற்றினேன். அது தீர்ந்ததும், ஒரு கண்ணில் கட்டோடு இருந்த பாட்டி, தன் குடி தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினார். "இதையும் ஊத்துய்யா, எனக்குத் தாகமில்ல" என்றார்.

அப்பா கோவில்பட்டியில் உள்ள டிரைவர் நண்பருக்குப் போன் போடச் சொன்னார். பஸ் ஏறி வருகிறேன் என்றார் அவர். "அவரு வர்றதுக்குள்ள நீ பெல்ட்டை மாட்டிரு. நான் சொல்லுதேன்" என்றார் அப்பா. அன்றைக்குத்தான் எனக்கு உண்மையான பிராக்டிகல் வகுப்பு நடந்தது. வாத்தியார் ரோட்டோரம் வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் நீட்டி நீட்டிக் காட்டினார்.

டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே சாக்கில் சுற்றி ஒரு பழைய பெல்ட் இருந்தது. போன வருஷம் புதுசு மாட்டியபோது கழற்றியது. "பழசைத் தூக்கிப் போடாதே. அது வீடு வரைக்கும் வரும்" என்பது அப்பாவின் சட்டம். டைனமோவைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைத் தளர்த்தினேன். டைனமோவை இன்ஜின் பக்கமாகத் தள்ளினேன். பெல்ட்டை பேன் இறக்கைகளைத் தாண்டி நுழைத்து மூன்று புல்லியிலும் உட்கார வைத்தேன். பிறகு ஜாக்கி ராடால் டைனமோவை வெளியே நெம்பிப் பிடித்துக்கொண்டு போல்ட்டை இறுக்கினேன். "பெருவிரலால அமுக்கிப் பாரு. அரை இஞ்சு அமுங்கினாப் போதும். ரொம்ப இறுக்கினா பேரிங் போயிரும், தளர்ந்தா வழுக்கும்" என்றார். எந்தப் புத்தகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

பிறகு ஒரு டீக்கடை வரை நடந்து போய் இரண்டு கேன் தண்ணீர் கொண்டு வந்தேன். திரும்பி வருவதற்குள் இன்ஜின் ஆறியிருந்தது. அவசரப்பட்டுச் சூட்டோடு பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் பிளாக் விரிசல் விட்டுவிடும் என்றார் அப்பா. மெதுவாக ஊற்றினேன். நண்பர் வந்து வண்டியை ஓட்டினார். கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் டாக்டர், "உடனே தண்ணீர் ஊற்றினீர்களே, அதுதான் நல்லது" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அன்று இரவு நான் தூங்கினேன்.

மூன்று வாரம் அப்பா ஸ்டியரிங்கைத் தொடவில்லை. மூன்று வாரம் வருமானம் இல்லை. மூன்றாம் ஆண்டுக்கு நான் கட்டிய பணம், அம்மா தீப்பெட்டி ஆபீசில் வாங்கிய அட்வான்ஸ். இதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

விடுமுறை முழுக்க நான் யோசித்தது இதுதான். ரேடியேட்டர் மூடி சும்மா ஒரு மூடி அல்ல, ஸ்பிரிங் வைத்த வால்வு. இன்றைய கார்கள் பலவற்றின் மூடியில் 0.9 அல்லது 1.1 பார் என்று அச்சிட்டிருக்கும். அழுத்தம் 1 பார் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 120 டிகிரியில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த அந்த நொடி அழுத்தம் இறங்குகிறது; அதுவரை அடங்கிக் கிடந்த தண்ணீர் ஒரேயடியாகக் கொதித்துப் பாய்கிறது. இதை நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். ஆனால் என் கைக்கு அது தெரியவில்லை. அப்பாவுக்கு 'பார்' என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

சிவப்பு விளக்கும் அப்படித்தான். பேனையும் வாட்டர் பம்ப்பையும் டைனமோவையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், அதனால் விளக்கு எரியும். எனக்குப் படம் தெரியும். அப்பாவுக்கு வண்டி தெரியும்.

நண்பர்களே, உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணத்திலும் தண்ணீர்ப் பிரச்சினைதான்! 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமில் இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். வழியெல்லாம் நின்று நின்று ஊற்ற வேண்டியிருந்தது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கினார். எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அன்று ஒர்க்ஷாப்பும் கிடையாது, மெக்கானிக்கும் கிடையாது.

நம் கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டியே இயந்திரம் கற்றுக்கொண்டார். 1920-இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். அப்படிப்பட்டவர்தான் பின்னாளில் கோவையில் பாலிடெக்னிக் தொடங்கவும் முன்னின்றார். கையும் படிப்பும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

என் அனுபவத்தில் சில வார்த்தைகள் சொல்லி முடிக்கிறேன். வண்டி நின்றால் முதலில் ரோட்டை விட்டு இறக்குங்கள். நாலு பக்கமும் விளக்கை மினுக்க விடுங்கள். முக்கோணப் பலகையைப் பின்னால் நல்ல தூரத்தில் வையுங்கள். ஆட்களை வண்டிக்குள்ளோ தார் ரோட்டிலோ நிற்க விடாதீர்கள். பஞ்சர் என்றால், ஜாக்கி வைக்கும் முன் வேறொரு சக்கரத்துக்குக் கல் வையுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். மாட்டும்போது எதிரெதிராக இறுக்குங்கள். இன்ஜின் கொதித்தால் அரை மணி நேரமாவது சும்மா இருங்கள். புதிய கார்களில் கரண்டில் ஓடும் பேன் இன்ஜினை அணைத்த பிறகும் தானாகச் சுற்றும், கையை விடாதீர்கள். எலக்ட்ரிக் கார் என்றால் ஆரஞ்சு நிற வயரைத் தொடவே தொடாதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்று ஒத்துக்கொள்வதும் வித்தைதான்: தேசிய நெடுஞ்சாலையில் 1033, ஆளுக்கு ஆபத்து என்றால் 108.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழியில் நிற்கிற வண்டி பெரும்பாலும் வீட்டிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறது. எங்கள் வண்டி ஒரு வாரம் கீச்சிட்டுச் சொன்னது. நான்தான் கேட்கவில்லை.

இப்போது டிக்கி மூடியின் உள்பக்கம் ஒரு அட்டை ஒட்டியிருக்கிறேன். தண்ணீர், ஆயில், பெல்ட், பிரேக் ஆயில், பேட்டரி, ஐந்து டயர், விளக்கு என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது டயர் ஸ்டெப்னி. அதில் காற்றிருக்கிறதா என்று பார்க்கத்தான் எல்லாரும் மறக்கிறோம். ஊருக்குப் போகும்போதெல்லாம் காலையில் பத்து நிமிஷம் நானும் அப்பாவும் வண்டியைச் சுற்றி வருகிறோம். அப்பா விரலை வைத்து "பி...ரே...க்" என்று எழுத்துக் கூட்டி வாசிப்பார். நான் குனிந்து பார்த்து "சரியா இருக்குப்பா" என்பேன். ரேடியேட்டர் வரும்போது மட்டும் அவர் வாசிக்க மாட்டார்.

"ஆறிட்டாடே?" என்று கேட்பார். மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.