ஐஸ்க்ரீம் டப்பாவில் இருக்கும் அந்த எண்கள்...

வேடந்தாங்கலில் சீசன் என்றால் நவம்பரில் ஆரம்பித்து மார்ச் வரை. பறவை பார்க்க வரும் கூட்டத்தில் பாதிப்பேர் ஏரிக்கரையை விட்டு இறங்கியதும் நேராக ஐஸ்க்ரீம் விற்கும் இடத்துக்குத்தான் போவார்கள். நத்தைகுத்தி நாரையை விட கோன் ஐஸுக்குத்தான் இங்கே மவுசு அதிகம்!!

ஆனால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மட்டும் ஐஸ்க்ரீமுக்குத் தடை போட்டுவிட்டார்கள். அந்த வீட்டு ஆயா சுத்த சைவம். டப்பாவில் 471 என்று போட்டிருந்தால் அது பன்றிக்கொழுப்பு என்று யாரோ செல்போனில் அனுப்பிய செய்தி அவர் காதுக்குப் போய்விட்டது. பேரன் காலி டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். "அண்ணா, நீங்க கெமிஸ்ட்ரிதானே படிக்கிறீங்க, இது என்னன்னு ஆயாகிட்ட வந்து சொல்லுங்க" என்றான். ஆக, அந்த டப்பாதான் இன்றைய பாடம்.

471 என்பது மோனோ கிளிசரைடு, டை கிளிசரைடு என்ற கொழுப்புப் பொருள்களுக்கு உலக அளவில் கொடுத்திருக்கும் எண். ஒட்டாத கொழுப்பையும் தண்ணீரையும் ஒட்ட வைப்பது இதன் வேலை. இதைத் தாவர எண்ணெயில் இருந்தும் எடுக்கலாம், விலங்குக் கொழுப்பில் இருந்தும் எடுக்கலாம். எண்ணைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது, வதந்தி பிறந்த இடம் அதுதான். ஆனால் நம் நாட்டில் 2001ல் இருந்தே சைவம் என்றால் பச்சைப் புள்ளி போடவேண்டும் என்பது சட்டம். முட்டை சேர்த்தால் கூட பச்சைப் புள்ளி போட முடியாது. அந்த டப்பாவில் பச்சைப் புள்ளி இருந்தது. ஆயாவிடம் அதைத்தான் காட்டினேன். பாதி நம்பினார் :-)

அடுத்து 412, 407, 401, 466 என்று ஒரு கூட்டம். படித்தால் ஏதோ பஸ் நம்பர் மாதிரி இருக்கும். 412 என்பது கொத்தவரை விதையில் இருந்து எடுக்கும் பசை. ராஜஸ்தானில் அதிகம் விளைகிறது. (2012 வாக்கில் அமெரிக்காவில் பாறை எரிவாயு எடுக்கிறவர்கள் இதையே கேட்டு வாங்க, விலை எங்கேயோ போய்விட்டது. கொத்தவரங்காய்க்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!) 407ம் 401ம் கடல்பாசியில் இருந்து வருபவை. நம் ராமநாதபுரம் கடற்கரைப் பெண்கள் மூச்சை அடக்கி முங்கிப் பறிக்கும் பாசிகளில் 401க்கான வகையும் உண்டு. 466 தாவர நாரில் இருந்து ஆலையில் தயாரிப்பது.

இதெல்லாம் எதற்கு? வீட்டில் செய்து உடனே சாப்பிடும் ஐஸ்க்ரீமுக்கு இவை தேவையே இல்லை. ஆலையில் இருந்து கிளம்பி, வண்டி மாறி, படாளம் கூட்ரோடு தாண்டி ஒரு பெட்டிக்கடை ஃப்ரீசருக்கு வந்து சேரும் ஐஸ்க்ரீமின் கதை வேறு. மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டியது வழியில் கொஞ்சம் இளகும், மறுபடி உறையும். கரண்ட் போனால் இன்னொரு முறை. ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் பனித்துகள்கள் பெரிதாகி, கடைசியில் வாயில் மணல் மாதிரி நெறநெறக்கும். இந்தப் பசைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு அதைத் தாமதப்படுத்துகின்றன. தடுப்பதில்லை, தாமதம்தான். மூடிக்குள் பனி படிந்து, ஓரம் சுருங்கிய டப்பாவாக இருந்தால் நான் வாங்குவதில்லை.

எண்களை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. டப்பாவில் 'ஐஸ்க்ரீம்' என்று போட்டிருக்கிறதா, 'ஃப்ரோசன் டெசர்ட்' என்று போட்டிருக்கிறதா? ஐஸ்க்ரீம் என்றால் கொழுப்பு பாலில் இருந்து வரவேண்டும், குறைந்தது 10 சதவீதம். (குறைகொழுப்பு வகைகளுக்கு அளவு வேறு.) ஃப்ரோசன் டெசர்ட்டில் பாமாயில் மாதிரி தாவர எண்ணெய் சேர்க்கலாம், அதை டப்பாவிலும் சொல்லவேண்டும். இதை வைத்து ஒரு வழக்கே நடந்தது. ஃப்ரோசன் டெசர்ட்டில் வனஸ்பதி இருக்கிறது என்கிற மாதிரி 2017ல் அமுல் விளம்பரம் செய்ய, தாவர எண்ணெய் வேறு வனஸ்பதி வேறு என்று இந்துஸ்தான் யூனிலீவர் மும்பை உயர்நீதிமன்றம் போனது. விளம்பரத்துக்குத் தடை விழுந்தது.

ஃப்ரோசன் டெசர்ட் விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் பால் என்று நினைத்துப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா? அந்த எழுத்தோ கொசு சைஸில்! இன்னொன்று, எண்ணெய் இருப்பதால் பால் இல்லை என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் பால் பவுடரும் இருக்கும். பால் ஒவ்வாதவர்கள் ஏமாந்துவிடக் கூடாது.

நிறங்களையும் ஒரு பார்வை பாருங்கள். 102, 110, 122, 124 எல்லாம் செயற்கை நிறங்கள். பிள்ளைகளின் கவனத்தைப் பாதிக்கலாம் என்று 2010ல் இருந்து ஐரோப்பாவில் இவற்றுக்கு எச்சரிக்கை வாசகம் கட்டாயம். இங்கே அளவுக் கட்டுப்பாடு உண்டு, அந்த வாசகம் கிடையாது.

இந்தப் பட்டியலில் அச்சிடாத ஒரு பொருளும் உண்டு... காற்று! சட்டப்படி ஒரு லிட்டர் ஐஸ்க்ரீம் 525 கிராம் இருந்தால் போதும். கிட்டத்தட்ட பாதி காற்று. காற்றே இல்லாவிட்டால் கல் மாதிரி இருக்கும், ஸ்பூன் இறங்காது என்பது உண்மைதான். ஆனால் 700 மில்லி டப்பா 368 கிராம் இருந்தாலே கணக்கு சரியாகிவிடும். அதனால் ஒரே விலையில் இரண்டு டப்பா இருந்தால் மில்லியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் கிராம் போட்டிருந்தால் அதைப் பாருங்கள். போடவில்லையா, இரண்டையும் கையில் தூக்கிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.