நிறம் போச்சு... உப்பு போகலையே! - காங்கேயத்துக் கரியும் நொய்யல் தண்ணீரும்

காங்கேயம் என்றதும் எல்லோருக்கும் காளைதான் நினைவுக்கு வரும். ஆனால், திருப்பூரிலிருந்து படியூர் வழியாக ஊருக்குள் நுழைந்தால், முதலில் வரவேற்பது தேங்காய் வாசம். சாலையோரம் அடுத்தடுத்து உலர்களங்கள். இரண்டாக உடைத்த தேங்காய்கள் வானத்தைப் பார்த்து வெள்ளை வெள்ளையாகக் காய்கின்றன. நன்றாகக் காய்ந்ததும் பருப்பு தனியே, ஓடு தனியே பிரிகிறது. பருப்பு எண்ணெய் ஆலைக்குப் போகும். ஓடு எங்கே போகும்?

மலைபோலக் குவிந்திருந்த ஓட்டைப் படம் எடுத்ததும், களத்தில் வேலை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர் சிரித்துவிட்டார். "தொட்டியவா படம் புடிக்கற கண்ணு? பருப்பப் புடி, அதுதான் காசு!"

மற்ற ஊர்களில் கொட்டாங்குச்சி, சிரட்டை என்பதுதான் கொங்கு வட்டாரத்தில் 'தொட்டி'. அதுவும் இப்போது காசுதான். உங்கள் வீட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கும் வாட்டர் ஃபில்டருக்குள் கறுப்பாக ஒரு குழாய் இருக்கும். அதில் இருப்பது பெரும்பாலும் தேங்காய்த் தொட்டிக் கரிதான்!

ஒரு கிராமில் கால் ஏக்கர்

சுமார் மூன்று டன் தொட்டியைக் காற்று அதிகம் படாமல் சுட்டால் ஒரு டன் கரி கிடைக்கும். அந்தக் கரியை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி, நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை உள்ளுக்குள் அரித்து, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகளைப் போட்டுவிடும். இப்படிக் கிடைப்பதுதான் ஆக்டிவேட்டட் கார்பன். இதில் ஒரே ஒரு கிராமை எடுத்து, அதன் துளைகளின் சுவர்களையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். அதாவது, கிட்டத்தட்ட கால் ஏக்கர்!

இந்தக் கரி அழுக்கைப் பஞ்சு போல உறிஞ்சுவதில்லை. வீட்டுக் கண்ணாடியில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைப்பதுபோல, அழுக்கு இதன் சுவர்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. பள்ளிப் பாடத்தில் 'பரப்பு கவர்தல்' என்று படித்தது இதைத்தான். கண்ணாடி முழுக்கப் பொட்டு நிறைந்துவிட்டால் அடுத்த பொட்டுக்கு இடம் இருக்காது. கரியும் அப்படித்தான். ஃபில்டரை அவ்வப்போது மாற்றச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, இவ்வளவு கரி இங்கே இருக்கிறது. பக்கத்திலேயே சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஓடுகிறது. இதை வைத்தே ஆற்றைச் சுத்தம் செய்துவிட முடியாதா?

வண்ணம் மாறிய ஆறு

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது நொய்யல். பனியன் தொழில் வளர வளர, திருப்பூரில் சாயப்பட்டறைகளும் பெருகின. பாசனத்துக்காகச் சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையம் அணையைக் கட்டி 1992-ல் திறந்தார்கள். கொஞ்ச வருடங்களிலேயே அது சாயத் தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போனது. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். விதிகளைப் பின்பற்றாத சாயப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஊரே ஸ்தம்பித்தது. அதன் பிறகே, ஒரு சொட்டுக் கழிவையும் வெளியே விடக் கூடாது என்கிற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறை திருப்பூரில் வேரூன்றியது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றும்போது போடுகிற சாயம் முழுவதும் துணியில் பிடிப்பதில்லை. பத்தில் இரண்டு, மூன்று பங்குகூடத் தண்ணீரோடு வெளியேறிவிடும். சாயம் துணியில் ஏறுவதற்காக உப்பும் போடுவார்கள். ஒரு லிட்டர் சாயத் தண்ணீருக்கு 30 முதல் 100 கிராம் வரை! அதில் அநேகமாக ஒரு கிராம்கூடத் துணியில் தங்குவதில்லை.

சிக்கல் இங்கேதான். கரி சாயத்தைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. சாதாரண உப்பு தண்ணீரில் கரைந்ததும் மின்னூட்டம் உள்ள சின்னஞ்சிறு துகள்களாகப் பிரிந்து, கரியில் ஒட்டாமல் தண்ணீரோடு நழுவிவிடும். கறுத்த கழிவைக் கரி வழியாக விட்டால் கண்ணாடி மாதிரி தெளிந்துகூட வரலாம். ஆனால், அது உப்புக் கரித்தபடியேதான் இருக்கும்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ வேண்டும். அதில் மிஞ்சும் அடர்த்தியான உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவும் செய்ய வேண்டும். இதற்குத்தான் மின்சாரமும் விறகும் பணமும் கொட்டுகின்றன. ஆர்.ஓ சவ்வு கெட்டுப்போகாமல் முன்னால் நின்று குளோரினையும் கரிமக் கழிவையும் தடுக்கும் காவல்காரன் வேலைதான் கரிக்கு.

பயோசார் வந்தால்?

நெல் உமி, பருத்தி மார், சீமைக்கருவேல விறகு ஆகியவற்றைக் காற்று குறைவாக உள்ள அடுப்பில் 350 முதல் 700 டிகிரி வரை சுட்டுத் தயாரிக்கும் மலிவான கரிதான் பயோசார். நீராவிச் செலவு இல்லை. ஈயம் போன்ற உலோகங்களைப் பிடிப்பதில் கெட்டிக்காரன்.

பயோசார் சாயத்தை நீக்குகிறது என்று காட்டும் சோதனைகள் பலவற்றில் மெத்திலீன் ப்ளூ என்ற நீலச் சாயத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது நேர் மின்னூட்டம் கொண்டது. பயோசாரின் மேற்பரப்போ பெரும்பாலும் எதிர் மின்னூட்டம் கொண்டது. காந்தம்போல இரண்டும் ஒட்டிக்கொள்ளும். ஆனால், திருப்பூரில் பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே கரி தள்ளிவிடப் பார்க்கும். சோடா கலந்த காரத் தண்ணீரில் இந்தத் தள்ளல் இன்னும் அதிகமாகும். தொட்டிக் கரிக்கு வேறொரு சிக்கல்: அதன் துளைகள் மிகவும் சிறியவை. குளோரினுக்குச் சரி, பெரிய சாய மூலக்கூறுகள் நுழையத் திணறும். அதற்கு அகலத் துளை உள்ள மரக்கரியே பொருத்தம்.

வேலை முடிந்த கரியை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அதில் ஒட்டியிருப்பது எங்கேயும் மறைந்துவிடவில்லை. மறுபடி சுட்டுப் புதுப்பிக்க வேண்டும். அல்லது பாதுகாப்பாக அழிக்க வேண்டும். வயலோரம் கொட்டினால், ஆற்றுக்குப் போக வேண்டிய விஷம் கிணற்றுக்குப் போகும்.

கரி சுடும் ஊரின் கவலை

கரி தயாரிப்பதிலும் இதே கதை உண்டு. குழியில் தொட்டியைப் போட்டுச் சுட்டு, தண்ணீர் ஊற்றி அணைப்பது பழைய முறை. புகை ஒரு பக்கம். அணைத்த தண்ணீர் தார் கலந்து நிலத்தில் இறங்குவது இன்னொரு பக்கம். காங்கேயம் சுற்றுவட்டாரத்தில் கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறுவதாகப் புகார்களும் போராட்டங்களும் எழுந்ததற்கு இதுதான் காரணம். எங்கோ ஒரு வீட்டில் குடிநீரைச் சுத்தம் செய்யப்போகும் கரி, சுடும் இடத்தில் கிணற்றைக் கெடுக்கலாமா? மூடிய உலையில் சுட்டு, வரும் வாயுவையே எரிபொருளாக்கி, தண்ணீர் ஊற்றாமல் ஆறவைத்தால் இந்தப் பிரச்னை பெருமளவு குறையும். முதலீடு அதிகம் என்பதே தடை.

அணையில் ஒரு மாலை

ஒரத்துப்பாளையத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் பேச்சுக்கொடுத்தேன்.

"ஏனுங்க ஐயா, தண்ணி தெளிவாத்தான இருக்குது?"

"தெளிவாத்தானுங்க தம்பி இருக்குது. வாயில ஊத்திப் பாருங்க, தெரியும்."

அணை கட்டினால் தண்ணீரைத் தேக்கச் சொல்லித்தான் விவசாயிகள் கேட்பார்கள். இங்கே மட்டும் 'தேக்காதீர்கள், திறந்து விடுங்கள்' என்று கேட்கிறார்கள். தேங்கினால் உப்பு நிலத்தடியில் இறங்கிவிடும் என்ற பயம்.

போகிறவர்களுக்கு...

சென்னிமலை முருகனைத் தரிசித்துவிட்டு, கைத்தறிப் போர்வையும் வாங்கிக்கொண்டு, ஒரு நாளில் இந்தப் பயணத்தை முடிக்கலாம். முடிந்தால் கையடக்க டி.டி.எஸ் மீட்டர் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். குடிநீருக்கு ஏற்ற அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லாதபட்சத்தில் 2,000 வரை. நொய்யல் பக்கம் எங்கே தெளிந்த தண்ணீரைப் பார்த்தாலும் மீட்டரை முக்கிப் பாருங்கள். நிறத்தைக் கண் சொல்லிவிடும். உப்பை அந்தச் சின்ன மீட்டரில் தெரியும் எண்தான் சொல்லும்.